மதிகெட்டான் சோலையும் என் மகள் போன மலையும்

1

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி என் மகள் கிருபை ஒரு செய்தி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் மலை ஏறக் கூட்டிப் போகிறார்களாம், அவளும் பெயர் கொடுத்துவிட்டாளாம். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்துவிட்டு, வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். வேண்டாமென்றால் வேண்டாம் என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். 

நாங்கள் இருப்பது மலாய் நாட்டில், பகாங் சீமையில் ஓர் ஆற்றங்கரை ஊர். என் வீட்டுக்காரர் இங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில் டிரசர். புண் கட்டுவது, ஊசி போடுவது, டாக்டர் இல்லாத நாளில் டாக்டராக இருப்பது எல்லாம் அவர் வேலை. கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள் நான். கிருபை இங்கேதான் பிறந்தாள். பதினாலு வயதாகிறது, நான் பிறந்த போடிநாயக்கனூரை அவள் பார்த்ததில்லை. ஒரு தரம் கூட்டிப் போக ஏற்பாடு செய்தோம். அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

எங்கள் ஊருக்கு வடக்கே பெருங்காடு கிடக்கிறது. அதில் மரம் வெட்டக் கூடாது, மிருகத்தைச் சுடக் கூடாது என்று சண்டைக்கு முன்பே சர்க்கார் உத்தரவு போட்டு ஒதுக்கி வைத்திருக்கிறது. நேஷனல் பார்க் என்கிறார்கள். பார்க் என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு மதுரையில் பார்த்த பூச்செடியும் பெஞ்சும் ஞாபகம் வரும். இது அப்படியில்லை. நாள் கணக்காக நடந்தாலும் மறுகரை வராத காடு. அதற்கு நடுவில் ஒரு மலை. இந்த நாட்டு மலைகளிலேயே அதுதான் பெரிது என்கிறார்கள். உச்சிக்குப் போய்த் திரும்ப வாரங்கள் ஆகுமாம். பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள், அடிவாரத்தில் தங்கி முதல் மேடுவரை ஏறிவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்று கிருபை சொன்னாள்.

எனக்கு முதல் மேடும் உச்சியும் ஒன்றுதான். மலையில் ஏறிப் போன ஓர் ஆளை மலை எப்படித் திருப்பி அனுப்பும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2

கிருபை என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். பள்ளியில் சேர்க்கப் போன அன்று தலைமை ஆசிரியை அந்தப் பெயரை இரண்டு தரம் வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டு அர்த்தம் என்ன என்று கேட்டார். சொன்னேன். 'கிரேஸ்' என்று எழுதிக்கொண்டார். தாயார் பிறந்த ஊர் என்ற இடத்தில் போடிநாயக்கனூரை எழுதத் தொடங்கி, பாதியில் கட்டம் முடிந்துபோய், அடித்துவிட்டு 'மெட்ராஸ்' என்று போட்டார்கள். மெட்ராஸை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இப்போது வீட்டில் கிருபை என்று கூப்பிட்டால் அவள் இரண்டாம் கூப்பாட்டுக்குத்தான் திரும்புகிறாள்.

நான் மதுரையில் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். ஆனாலும் வாயைத் திறந்தால் போடிதான் வரும். வந்தாக, போனாக என்றால் மகளுக்குச் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுப்பவர் தஞ்சாவூர்ப் பக்கம். 'அங்கன' என்று கிருபை ஒரு கட்டுரையில் எழுதியதற்குச் சிவப்பு மையால் சுழித்துவிட்டாராம். "உங்க தமிழ் தப்பாம்மா" என்று வந்து சொன்னாள். அவள் தன் சிநேகிதிகளோடு இங்கிலீஷில் பேசும்போது குரலே வேறாக இருக்கும். அடுத்த அறையிலிருந்து கேட்டால் யாரோ வேற்று வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறது என்று தோன்றும்.

பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்ணின் பெயர் சித்தி. எங்களுக்கு அது தோதாகப் போயிற்று. கிருபைக்கு அவள் பெயரும் சித்தி, முறையும் சித்தி. அவள் புருஷன் காட்டு இலாகாவில் படகோட்டி. பிள்ளைகளை ஆற்றில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டுபோய் விடப்போகிறவரும் அவர்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று சித்தி கேட்டாள். எனக்குத் தெரிந்த மலாயில், எங்கள் ஊரிலும் ஒரு மலை உண்டு, அதன் பெயர் மதிகெட்டான் என்றேன்.

அவள் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டாள். மலாய் மொழியில் 'மாத்தி' என்றால் சாவு. யார் செத்தது என்று கேட்டாள். சாவு இல்லை, மதி, புத்தி என்று சொல்ல வேண்டும். புத்திக்கு மலாயில் என்ன சொல்? அரிசி, மீன், காய்ச்சல், தண்ணீர் எல்லாவற்றுக்கும் சொல் வைத்திருந்தேன். அதற்கு இல்லை. கடைசியில் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

3

எங்கள் அப்பாவுக்கு, ஐயா என்றுதான் கூப்பிடுவோம், போடிக் கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம். மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர் எல்லைக்குள் எங்களுக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம் இருந்தது. அதை என் அக்கா புருஷன் பார்த்துக்கொண்டார். அக்காவும் அங்கேயே இருந்தாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. டிரெயினிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

ஆடிச் சாரல் நேரம். மலையிலிருந்து மூட்டை இறக்க வந்த சுமைக்காரர்கள், அக்கா காய்ச்சலில் கிடக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்கு அது பேறு மாதம். ஐயா சரக்கோடு விருதுநகர் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுக்கலாம் என்று சித்தப்பா சொன்னார். அம்மா கேட்கவில்லை. மறுநாள் விடியும்போது ஒரு மூட்டையில் பழந்துணி, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை, பெருங்காயம், கருப்பட்டி எல்லாம் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். என்னையும் கிளம்பச் சொன்னாள்.

எங்கள் அம்மா எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குள் பாம்பு புகுந்தால் விளக்குமாற்றோடு முதலில் போகிறவள் அவள்தான். கோயிலில் பாட்டு ஆரம்பித்தால் அவள் குரல்தான் மேலே நிற்கும். போதகர்கூட அவள் சுருதிக்கு இறங்கி வருவார்.

வழித்துணைக்கு வந்தவர் சுருளியாண்டி. ஐயாவிடம் ரொம்பக் காலமாக மூட்டை சுமக்கிறவர், நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அந்த மலைப்பாதையில் அவர் ஏறி இறங்காத மாதம் கிடையாது. வேறு நாலைந்து சுமைக்காரர்களும் எங்களோடு ஏறினார்கள். அடிவாரத்து முந்தல் வரை வண்டி. அங்கிருந்து கால்நடை. பாறை, சாரல், அட்டை. மலை மேலே போடிமெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை.

மெட்டில் சேதி காத்திருந்தது. மழைக்கு மண் சரிந்து அந்தப் பக்கத்துப் பாதையில் ஒரு துண்டு போய்விட்டதாம், இரண்டு நாளில் ஆள் விட்டு வெட்டித் திறப்பார்களாம். கூட வந்தவர்கள் சாவடியில் மூட்டையை இறக்கிவிட்டார்கள். அம்மா உட்காரவே இல்லை. வேறு வழி இல்லையா என்று கேட்டாள். சுருளியண்ணன், சோலை ஓரமாகப் போய் இறங்கலாம் என்றார்.

எந்தச் சோலை என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். போடியில் பிறந்த பிள்ளைக்கு மதிகெட்டான் சோலையைத் தெரியாமல் இருக்காது. மாடு தேடி உள்ளே போனவன், தேனெடுக்கப் போனவன், வழிதப்பி நுழைந்தவன் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை இருக்கும். உள்ளே போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி ஓடை. வெளியே வர முடியாது. வந்தாலும் போனவனாக வர மாட்டான். அதனால்தான் அந்தப் பெயர்.

"உள்ள போக வேண்டியதில்லத்தா. ஓரமாத்தான். பொழுது இருக்கப் போயிரலாம்" என்றார் சுருளியண்ணன்.

சாவடியில் இருந்தவர்கள் ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

4

இங்கே என் வீட்டுக்காரருக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறேன். மகளிடம் மட்டும் சொன்னதில்லை. போடியைப் பற்றி அவளிடம் சந்தை, பழம், கல்யாணம், கிறிஸ்துமஸ் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். நல்லதை மட்டும் பொறுக்கிக் கொடுத்தேன்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மகள் போய் நின்றாள். பள்ளிக்கூடத்துத் தாளில் தகப்பனாரின் கையெழுத்து வேண்டும். தாயார் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை. அவர் அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது போடி மலை. இது வேற மலை" என்றார்.

இரண்டும் காடுதானே என்றேன்.

"சண்டைக் காலத்துல இந்தப் பிள்ளைய வீட்டுக்குள்ள பூட்டி வச்சோம். வாசல்ல லாரிச் சத்தம் கேட்டா மச்சுல ஏத்தி ஒளிச்சோம். அப்ப பூட்டுனதுக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. இப்பவும் பூட்டுனா அது எதுக்குன்னு அவ கேப்பாளா மாட்டாளா?"

மச்சில் தகரத்துக்குக் கீழே வெக்கையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்த நாட்கள் ஞாபகம் வந்தன. ஒன்பது வயதுப் பிள்ளை. ஒரு நாளும் அழுததில்லை. அந்த நாளில் கற்றுக்கொண்டதுதானோ என்னவோ, இப்போதும் எங்களிடம் அதிகம் பேச மாட்டாள். கையெழுத்துப் போடச் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை லாரியில் ஏறினார்கள். ரயிலில் போயிருக்கலாம், ஆனால் ஜப்பான்காரர்கள் இந்தப் பக்கத்துத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது போனதுதான், இன்னும் போட்டபாடில்லை. காட்டு முகப்புவரை லாரி, அப்புறம் படகு. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். நான் கிருபையின் கழுத்தில் துண்டைச் சுற்றிவிட்டேன். பனிமூட்டம் இறங்கினால் நடக்காதே, உட்கார்ந்த இடத்திலேயே இரு என்று சொன்னேன். அவள் "ஓகே மம்மி" என்றாள். அம்மா என்று சொல்லியிருந்தால் இன்னும் ஒரு தரம் பிடித்து வைத்திருப்பேனோ என்னவோ.

5

சோலை ஓரத்தில் நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடது கைப்பக்கம் மரங்கள், வலது பக்கம் புல் சரிவு. சுருளியண்ணன் தலைமூட்டையோடு முன்னால், நடுவில் நான், பின்னால் அம்மா. பிறகு வலது பக்கத்துப் புல் சரிவு தெரியவில்லை. மூட்டம் கீழேயிருந்து ஏறி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் போகிறவரின் கால் மறைந்து, இடுப்பு மறைந்து, மூட்டை மட்டும் மிதந்தது.

அவர் நின்றார். எதையோ மோந்து பார்க்கிறவர்போல முகத்தை இங்கேயும் அங்கேயும் திருப்பினார். இது நம்ம வழி இல்லை என்றார். அம்மா, ஓரமாகத்தானே வந்தோம், நேராகப் போவோம் என்றாள். அவர் கேட்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்தார். கண் சிவந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வழி பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அம்மா தடுக்கத் தடுக்க, மரங்களுக்குள் போய்விட்டார்.

நாங்கள் மூட்டை மேல் உட்கார்ந்தோம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தூரத்தில் அவர் கூப்பிட்டார். அம்மா பதில் குரல் கொடுத்தாள். அடுத்த கூப்பாடு வேறு திசையிலிருந்து வந்தது. அடுத்தது எங்கள் பின்னாலிருந்து, ரொம்பத் தள்ளி. ஓர் ஆள் அவ்வளவு சீக்கிரம் அங்கிருந்து இங்கு வர முடியாது. பிறகு கூப்பாடே இல்லை.

அப்போதுதான் கீழே மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டது. ஒன்று ஒடிந்தது. நின்றது. மறுபடி ஒன்று. யானை என்று சொல்லிக்கொள்ளவில்லை. இருவருக்கும் தெரியும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்தேன். அவள் வயிறு மேலும் கீழும் ஏறி இறங்குவது கன்னத்தில் தெரிந்தது. திடீரென்று அவள் பாட ஆரம்பித்தாள்.

கோயில் பாட்டுத்தான். ஆனால் கோயிலில் அப்படிப் பாடிக் கேட்டதில்லை. தொண்டை கிழியப் பாடினாள். வேண்டாம்மா, யானை நிற்கிறது என்று காதில் சொன்னேன். அவள் நிறுத்தவில்லை. ஒரு பாட்டு முடிந்தால் மூச்சுவிடாமல் அடுத்த பாட்டு. இதைக் கேட்டு அந்த மனுஷன் வரட்டும் என்று நடுவில் ஒரு தரம் சொன்னாள். மூங்கில் சத்தம் ஒரு நேரம் ரொம்பக் கிட்டே வந்தது. யானை வாடைகூட மூக்கில் ஏறிற்று. பிறகு விலகியது.

அவர் வந்தார். இரண்டு மரத்துக்கு அப்பால் மூட்டத்துக்குள் நின்றார். தலையில் துண்டு இல்லை, முழங்கையில் ரத்தம். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்து, "சுருளியண்ணே" என்று எழுந்தேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

என் உடம்பில் மயிர் எல்லாம் நட்டுக்கொண்டது. யானைக்குக்கூட அப்படி இல்லை. மறுபடி வந்தார். மறுபடி எங்களைப் பார்த்தார், வழியில் கிடக்கிற கல்லைப் பார்ப்பதுபோல. அம்மா பாடிக்கொண்டே எழுந்து, என்னை ஒரு கையால் இழுத்துக்கொண்டு போய், அவர் மூன்றாம் தரம் வந்தபோது பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டாள். கை நெருப்பாய்ச் சுட்டதாம்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க யாரு வீட்டுப் பொம்பளைக? இங்கன உக்காரக் கூடாது தாயி. கைய விடுங்க. எங்காளுக என்னையத் தேடுவாக."

"நாங்கதாண்டா உங்காளுக" என்றாள் அம்மா. அவள் அவரை 'டா' போட்டு நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

அவர் நம்பவில்லை. ஆனால் கையை உதறவும் தெம்பில்லை. அம்மா அவரை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரம் முழுக்க அவர் எங்களை விட்டுவிட்டுப் போக அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். பொழுது சாயும் முன் காற்று ஒன்று அடித்து மூட்டம் கிழிந்தது. கீழே சரிவில், ஏலக்காய் உலர்த்துகிற கூடத்துப் புகை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினோம். மூட்டையை நான் தலையில் வைத்துக்கொண்டேன். அம்மா அவர் கையை விடவே இல்லை.

அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கி மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. இருவரும் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளை இப்போது ஐயாவின் கடையில் உட்காருகிறான். சுருளியண்ணனை டோலியில் கட்டித்தான் போடிக்கு இறக்கினார்கள். ரொம்ப நாள் கழித்து அவருக்குப் பெண்சாதி பிள்ளைகளின் முகம் தெரிந்தது. அதன் பிறகு அவர் மலை ஏறவில்லை. எங்கள் கிட்டங்கியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி நான் கப்பலேறும் முன் அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அதுவரை கேட்காததை அன்றைக்குக் கேட்டேன். உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று. அவர் காய் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஒண்ணும் பாக்கல தாயி. உங்களத்தான் தேடி அலஞ்சேன். போற எடமெல்லாம் தெரியாத பொம்பளைக ரெண்டு பேரு உக்காந்து பாடிக்கிட்டிருந்தாக. அவுகளுக்குப் பயந்து பயந்து வெலகிப் போனேன்."

மலைக் காய்ச்சல் மூளைக்கு ஏறினால் அப்படித்தான் ஆகும், எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன் என்கிறார் என் வீட்டுக்காரர். இருக்கும். அவர் படித்தவர். நானும் அதைத்தான் நம்புகிறேன். நம்பிக்கொண்டே, இத்தனை வருஷமாக ஆற்றில் காலைப் பனி ஏறும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

6

திங்கட்கிழமை மாலை வர வேண்டிய பிள்ளைகள் வரவில்லை. ஞாயிறு இரவே மழை பிடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் ஆறு நிறம் மாறிப் படித்துறையின் மேல்படிகள்வரை வந்துவிட்டது. மிதந்து போகிற மரங்களைப் பார்த்துக்கொண்டு நானும் வேறு சில தாய்மார்களும் நின்றோம். சீனத்தி ஒருத்தி, மலாய்க்காரிகள், ஒரு வெள்ளைக்கார அம்மாள். யாருக்கும் யார் மொழியும் சரியாகத் தெரியாது. பேசவும் ஒன்றுமில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் இலாகா ஆபீசுக்குப் போனோம். அங்கே கணக்கெழுதுகிற கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. ஆள் அனுப்பித் தேடச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"பயப்படாதேங்கோ அக்கா. பெர்மிட் நாளைவரைக்கும் கிடக்கு. அது முடியாமல் அவையள் காணாமல் போனதெண்டு நாங்கள் எழுதேலாது" என்றார்.

நாளை வரைக்கும் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதுவீர்கள் என்று கேட்டேன். காட்டுக்குள் இருக்கினம் என்றுதான் எழுத வேண்டும் என்றார். அவர் நல்ல மனுஷர். பெஞ்சில் உட்காரவைத்துத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். கிரேஸ் என்ற பெயருக்கு நேரே அவர் விரல் போய் நின்றபோது, அது யார் பிள்ளை என்று ஒரு நொடி நான் யோசித்தேன். அந்த ஒரு நொடிக்கு எனக்கு வேர்த்துவிட்டது.

அன்றைக்கு முழுதும் படித்துறையை விட்டு நான் அசையவில்லை. சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் புருஷனும் அந்தப் படகில்தான். பெயர் சொன்னால் ஆகாதென்று மலையின் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள், புலியையும் தாத்தா என்றுதான் சொல்வாள். அவள் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள். எனக்கு ஜெபம் வரவில்லை. அம்மாவைப்போல் பாடிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். குரல் எழும்பவில்லை. கிருபை செத்துவிடுவாளோ என்பதைவிட, இறங்கி வந்து என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டுவிடுவாளோ என்பதுதான் என் பயம். இதைச் சித்தியிடம் எந்த மொழியில் சொல்வது?

7

புதன்கிழமை மத்தியானம் படகு வந்தது. எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். கிருபை யாருடைய சாரத்தையோ கட்டிக்கொண்டு, காலெல்லாம் அட்டைக் கடியோடு இறங்கினாள். இறங்கினதும் என்னிடம் வந்து, "பசிக்குதும்மா" என்றாள். நான் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சித்தி தன் புருஷனைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

மலை ஏறவே இல்லையாம். ஊரில் பிடிக்கும் முன்பே, போன மறுநாளே அங்கே மழை வந்து, அடிவாரத்துக் குடிசையில் அடைந்து கிடந்திருக்கிறார்கள். மலை ஒரு தரம்கூடக் கண்ணில் படவில்லை, வெள்ளையாகத்தான் இருந்தது என்றாள். ஆறு வடியும்வரை படகை எடுக்க மாட்டேன் என்று சித்தியின் புருஷன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். அந்த மனுஷன் பிடிவாதத்தால் பிள்ளைகள் திரும்பின.

குளித்துச் சாப்பிட்ட பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏன் வேண்டாம் என்று சொன்னீர்கள் என்று மறுபடி கேட்டாள். இந்தத் தடவை சொன்னேன். சுருளியண்ணன், மெட்டு, மூட்டம், பாட்டு, எல்லாம். வந்தாக, போனாக, அங்கன, இங்கன என்று என் வாயில் வந்தபடி சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தெரியாத பொம்பளைக ரெண்டு பேரு என்று அவர் சொன்னதைச் சொன்னபோது என் கைக்கு அருகில் தன் கையைக் கொண்டுவந்து வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டி எதுக்கு உங்களைக் கூட்டிட்டுப் போனாங்க?" என்று கேட்டாள்.

அக்காவுக்குத் துணைக்கு என்றேன். சொன்ன வாய் மூடும் முன்பே அது சரியில்லை என்று தெரிந்தது. பிரசவம் பார்க்கப் போகிற வீட்டுக்குக் கல்யாணமாகாத பெண்ணை எங்கள் பக்கத்தில் எந்தத் தாயும் கூட்டிப் போக மாட்டாள். அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பிள்ளை பிறக்கிறவரை என்னை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. ஏலக்காய் உலர்த்துகிற கூடத்தில் காய் பொறுக்க அனுப்பிவிட்டார்கள்.

"பாட்டிக்குத் தனியாப் போகப் பயமா இருந்திருக்கும்" என்றாள் கிருபை, சாதாரணமாக.

பாம்புக்கு விளக்குமாறு எடுத்த எங்கள் அம்மா. அவளிடம் கேட்க இப்போது வழியில்லை. சண்டையில் தபால் நின்றுபோயிருந்த காலத்தில் அவள் போய்விட்டாள். எங்களுக்குச் செய்தி வந்து சேர்ந்ததே சண்டை முடிந்த பிறகுதான். கேட்டிருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். ஆனால் மகள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் அவளால் அந்த மலையில் கால் வைக்க முடிந்திருக்கிறது.

மழை விட்டிருந்தது. கிருபை எழுந்து தட்டுகளை எடுத்தாள். அடுத்த வருஷம் மழைக்கு முன்னாலேயே மறுபடி போகப் போகிறோம், டீச்சர் இப்போதே சொல்லிவிட்டார், நான் போவேன் என்றாள். என்னிடம் அனுமதி கேட்கிற குரல் இல்லை அது.

"நானும் வர்றேன்" என்றேன்.

அவள் நின்று திரும்பினாள். "உங்களுக்குப் பயம் இல்லையா?"

"இருக்கு. தனியா இங்கன உக்காந்திருக்கத்தான் ரொம்பப் பயமா இருக்கு."